கடைசியாகக் கூப்பிடும் பெயர்

மண்ணூர்க்காரிக்கு,

இன்று காலை ஸ்ரீபெரும்புதூர் பேருந்து நிலையத்துப் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் போயிருந்தேன். மகனின் கல்லூரி விண்ணப்பத்துக்கு ஆதார் நகல் வேண்டுமாம். எனக்கு முன்னால் வந்தவர் ஒரு தடிமனான புத்தகத்தை முழுசாக நகல் எடுக்கக் கொடுத்திருந்தார். இயந்திரம் சூடேறி, அந்தச் சின்னக் கடைக்குள் அந்த வாசனை கிளம்பியது. இடி விழுந்த பிறகு வருமே, மூக்கின் உள்ளே ஊசியாகக் குத்துமே, அதே வாசனை. ஓசோன் என்று நீயும் என்னைப்போல டிப்ளமோவில் படித்தவள்தான். ஆனால் அதற்கு நீ வைத்த பெயர் ‘நீல வாசனை’.

என் கால் வாசற்படியிலேயே நின்றுவிட்டது. வலது கை தானாக நீண்டு, கதவுக்குப் பக்கத்துச் சுவரைத் துழாவியது. நம் சோதனைக்கூடத்தில் கதவோரம் சாத்தியிருக்குமே, அந்த எர்த் கம்பியைத் தேடுகிறேன் என்பது எனக்கே ஒரு கணம் கழித்துத்தான் உறைத்தது. கடைக்காரர் நிமிர்ந்து பார்த்து, “இன்னா மேடம், ஃபேன் சுவிட்சா தேடுறீங்க? அது இந்தாண்ட கீது” என்றார். நான் அசடு வழிந்துகொண்டு வெளியே வந்து வெயிலில் நின்றேன். ஆதார் நகல் இன்னும் எடுக்கவில்லை.

வளர்ந்த பிள்ளைக்குத் தாயானவள் ஜெராக்ஸ் கடையில் பயந்து நடுங்கினேன். நீ இருந்திருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாய். உன்னைப் பயந்தாங்கொள்ளி என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவள் நான்தானே.

உன் பெயரை இந்த மடலில் எழுதப்போவதில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

உனக்கு எதற்குத்தான் பயமில்லை? பல்லி, லிஃப்ட், ஊசி, பலூன். கம்பெனி பஸ்ஸில் டிரைவருக்குப் பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டு, ஒரகடம் ரோட்டில் கன்டெய்னர் லாரி எதிரே வரும்போதெல்லாம் நீதான் பிரேக் போடுவதுபோல் காலைத் தரையில் அழுத்துவாய். “ஏட்டி, நீ மிதிச்சா வண்டி நின்னுருமாக்கும்?” என்று கேட்பேன். “நிக்காது. ஆனா நான் மிதிச்சேன்ல?” என்பாய். உன் பதில்கள் எல்லாம் இப்படித்தான் இருக்கும். அப்போது எரிச்சலாக வரும்.

இப்படிப்பட்டவள் போயும் போயும் நம் வேலைக்கு எப்படி வந்தாய் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். வல்லம் வடகாலில் அந்தச் சோதனைக்கூடம் திறந்தபோது நாம் இரண்டு பேரும் ஒரே நாளில் சேர்ந்தோம். நான் திருநெல்வேலியிலிருந்து வந்து இருங்காட்டுக்கோட்டையில் வாடகை அறையில் இருந்தேன். நீ மண்ணூரில் பிறந்து மண்ணூரிலேயே வாக்கப்பட்டவள். என் பெயர் பார்வதி என்று சொன்ன மறுநிமிடமே எனக்குத் ‘தின்னவேலி’ என்று பெயர் சூட்டிவிட்டாய். கடைசிவரை அதுதான்.

போன மாதம் என் மகன், “அம்மா, நீ அங்க அப்படி என்னதான் வேலை பாக்க?” என்று கேட்டான். உன் மாமியாருக்கு நீ சொன்னதை அப்படியே சொன்னேன். உன் வீட்டில் கறிக்குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாயே, அது.

“கார் எதுலனா மோதிச்சின்னா ஸ்டீயரிங்லேர்ந்து பை ஒண்ணு புஸ்ஸுனு உப்பும்ல அத்த? அந்தப் பைய உப்ப வெக்கிறதுக்கு ஒரு டப்பா கீது. உள்ள வெடி மருந்து மாதிரி. அது வெடிக்கறப்போ டப்பா ஒழுங்கா தொறந்துக்குதா, இல்ல பிஞ்சி வண்டி ஓட்றவன் மூஞ்சிலயே அடிக்குதான்னு பாக்கணும். வெளிலேர்ந்து பாத்தா பொகதான் தெரியும். அதான் எக்ஸ்ரே புடிக்கிறோம். ஆஸ்பத்திரில மூச்சப் புடிச்சிக்கோன்றாங்கல்ல? வெடிக்கிற டப்பா மூச்சப் புடிச்சிக்குமா? அது அசையறதுக்குள்ள நாங்க எடுத்துடணும்.”

உன் மாமியார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அப்ப நீ எங்க நிப்ப?” என்று மட்டும் கேட்டார். “வெளிலதான்” என்றாய். அவர் இன்னும் ஒரு கரண்டி குழம்பு ஊற்றினார்.

அது அசைவதற்குள் எடுப்பது என்றால் லேசுப்பட்ட காரியமா? ஒரு நொடியைக் கோடித் துண்டாக நறுக்கினால் அதில் ஒரு துண்டுகூடத் தேறாது நம் எக்ஸ்ரே எரியும் நேரம். அவ்வளவு சின்ன நேரத்தில் அந்த டப்பாவின் இரும்பு உருளையைத் துளைத்துக்கொண்டு போய் மறுபக்கத்துத் தட்டில் படமாக விழ வேண்டுமென்றால், சேர்த்து வைத்ததை எல்லாம் ஒரே அடியாகக் கொட்ட வேண்டும். அதற்குத்தான் அந்த அடுக்கு. ஆள் உயரத்துக்கு மேலே, தட்டுத் தட்டாக, மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் கப்பாசிட்டர்கள். சார்ஜ் ஏறும்போது தனித்தனியாக, பக்கத்துப் பக்கத்தில், சாதுவாக ஏறும். நாம் பட்டனை அழுத்தியதும் தட்டுகளுக்கு இடையே உள்ள உலோகக் குமிழ்களில் பொறி தாவும். அந்தக் கணத்தில் எல்லாத் தட்டுகளும் ஒரே சங்கிலியாகக் கோத்துக்கொள்ளும். ஒவ்வொன்றிலும் இருந்தது ஒன்றன்மேல் ஒன்றாகக் கூடி, சில லட்சம் வோல்ட்டாக அந்தச் சின்ன எக்ஸ்ரே குழாயின் தலையில் இறங்கும். குழாயின் வெற்றிடத்தில் ஊசிமுனைகளிலிருந்து பிய்ந்து கிளம்பும் எலெக்ட்ரான்கள் டங்ஸ்டனில் போய் மோதும். எக்ஸ்ரே பிறக்கும். நமக்குக் கேட்பதெல்லாம் ‘டப்’ என்று ஒரு சத்தம். பிறகு நீல வாசனை.

முதல் வாரம் பெங்களூரிலிருந்து இயந்திரத்தைப் பொருத்த வந்த பொறியாளர் நிதானமான மனிதர். அடுக்கின் முன்னால் நிறுத்திவைத்து அவர் சொன்னதை நான் கொட்டாவியை அடக்கிக்கொண்டு கேட்டேன். நீ வாயைத் திறந்தபடி கேட்டாய்.

“மீட்டர் கீழ் தட்டோட கட்டியிருக்கு. மேல் தட்டுகள் எல்லாம் ரெசிஸ்டர் வழியா கீழ வடியும். ஏதாவது ஒரு ரெசிஸ்டர் உள்ளுக்குள்ள விட்டுப்போயிருந்தா, மேல இருக்கறது மேலயே நிக்கும். மீட்டர் சைபர்னுதான் காட்டும். இன்னொண்ணு, எர்த் பண்ணிக் கம்பிய எடுத்துட்டாலும் கப்பாசிட்டர்ல கொஞ்சம் கொஞ்சமா திரும்ப ஊறும். கெணறு மாதிரி. அதனால ஒவ்வொரு தட்டையும் கம்பியால தொடணும். தொட்டுட்டு எடுக்கக் கூடாது. மாட்டியே வச்சிருக்கணும்.”

“மாட்டாம தொட்டுட்டா இன்னா சார் ஆவும்?” என்று கேட்டாய்.

“தொட்டவங்க யாரும் திரும்பி வந்து சொன்னதில்லம்மா” என்றார் அவர், சிரிக்காமல்.

அன்று மதியம் நீ சாப்பிடவில்லை. டிபன் பாக்ஸைத் திறந்து மூடிவிட்டு, “தின்னவேலி, சைபர் காட்றப்பவும் கீதாம்டி உள்ள” என்றாய். நான் உன் முட்டையை எடுத்துச் சாப்பிட்டுவிட்டு, “அதுக்குத்தான கம்பி குடுத்திருக்காவ” என்றேன். எனக்கு அது பாடம். உனக்கு அது தூக்கத்தைக் கெடுக்கும் சமாச்சாரம். இரண்டுக்கும் எவ்வளவு தூரம் என்று அந்த வெள்ளிக்கிழமை காலையில்தான் எனக்குத் தெரிந்தது.

சார்ஜ் ஏறி முடிந்து, பட்டனை அழுத்தியும் பொறி தாவவில்லை. சோதனை பாதியில் நின்றுபோயிற்று. சார்ஜை இறக்கினோம். மீட்டர் சைபரைக் காட்டியது. பொறிக்குமிழ் ஒன்றைத் துடைத்துவிட்டு மறுபடி ஓட்டலாம் என்று நான் உள்ளே நடந்தேன். நீ எனக்கு முன்னால் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பாம்படிக்கப் போகிறவள் மாதிரி நடந்தாய். “ஏட்டி, சைபர் காட்டுது, வெரசா தொட்டுட்டு வா” என்றேன். நீ ஒவ்வொரு தட்டாகத் தொட்டாய். ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை. மேல் தட்டில் கம்பியின் கொக்கி படப்போன நேரத்தில் அறைக்குள் மின்னல் விழுந்தது.

வெடிச் சத்தம் காதை அடைத்தது. கண்ணுக்குள் நீலக் கோடு. நீ கம்பியைக் கீழே போடவில்லை. கொக்கியை அந்தத் தட்டில் மாட்டிவிட்டு, திரும்பிப் பார்க்காமலே கேட்டாய்: “தின்னவேலி, உன் கை எங்க கீது?”

என் கை அந்தக் குமிழை நோக்கிப் பாதி வழியில் இருந்தது.

கையை மெதுவாக இழுத்து நெஞ்சோடு சேர்த்துக்கொண்டேன். நீ அப்படியே தரையில் உட்கார்ந்து அழத் தொடங்கினாய். அழுகையினூடே என்னைத் திட்டினாய். அந்தத் திட்டுகளை இங்கே எழுத முடியாது. என் பாட்டன் பூட்டன் வரைக்கும் போனாய். ஒரு ரெசிஸ்டர் உள்ளுக்குள் விட்டுப்போயிருந்தது, பெங்களூர்ப் பொறியாளர் சொன்னது போலவே.

அதற்குப் பிறகுதான் நீ அந்தப் பெயர் கூப்பிடும் வழக்கத்தைக் கொண்டுவந்தாய். சார்ஜ் ஏற்றுவதற்கு முன்னால், இயந்திரத்துக்குச் சாவி போடுகிறவர் மைக்கில் எல்லாருடைய பெயரையும் ஒவ்வொன்றாக, ஒரே ஒருமுறை கூப்பிட வேண்டும். அந்தந்த ஆள் சொந்த வாயால் பதில் சொல்ல வேண்டும். ஒருவருக்காக இன்னொருவர் சொல்லக் கூடாது. பதில் வரவில்லையென்றால் சாவியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கம்பியோடு உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும்.

மேனேஜர் சிரித்தார். “என்னம்மா இது, ஸ்கூல்ல அட்டெண்டன்ஸ் எடுக்கற மாதிரி? கதவுல சென்சார் இருக்கு, சைரன் இருக்கு, உள்ள இருந்தே நிறுத்த சிவப்பு பட்டன் இருக்கு. இதுவரைக்கும் ஒண்ணும் நடக்கலயே” என்றார்.

“நடந்தப்பறம் பயந்து இன்னா சார் பிரயோஜனம்? அப்ப அழத்தான் முடியும்” என்றாய் நீ. “பயம் முன்னாடியே வந்துடணும்.”

அவர் உன்னோடு வாதாடிப் பார்த்துவிட்டு, தலைவலி விட்டால் போதும் என்று சரி சொன்னார். அன்று முதல் நடைபாதை ஒலிபெருக்கியில் நம் பெயர்கள் ஒலித்தன. நம்மோடு வேலை செய்யும் டேனியல், ஜெபத்துக்கு ஆமென் சொல்வதுபோல் பணிவாக “வெளியே” என்பான். நான் “வெளிய நிக்கேன்” என்பேன். உன் முறை வரும்போது அடித்தொண்டையிலிருந்து, “வெளில கீறேன்!” என்று ஒரு கத்து. கேன்டீன் வரைக்கும் கேட்கும். சமையல்கார அம்மா அங்கிருந்தே, “தெரியுது, தெரியுது” என்று பதில் கொடுப்பார். எங்களுக்கு அது தினம் தினம் வேடிக்கை. உனக்கு மட்டும் அது ஒருநாளும் வேடிக்கையாக இருந்ததில்லை.

பயப்பட வேண்டியதற்கும் வேண்டாததற்கும் பயந்த நீ, ஒரு காய்ச்சலுக்குப் பயப்படவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் உன்மேல் கோபம்தான் வருகிறது. ஐப்பசி மழை. உன் தெருவெல்லாம் தண்ணீர். “சாதா காய்ச்சல்டி. மாத்திர போட்டுக்கினேன்” என்று வேலைக்கு வந்தாய். பல்லியைப் பார்த்து நாற்காலி மேல் ஏறுகிறவள், உடம்பு அனலாகக் கொதிக்கும்போது சாவகாசமாக டீ குடித்துக்கொண்டிருந்தாய். நான்தான் கையைப் பிடித்து பஸ்ஸில் ஏற்றி அனுப்பினேன். ஊசி போடுவார்கள் என்ற பயத்தில் ஆஸ்பத்திரிக்குப் போவதை நீ தள்ளிப்போட்டாய் என்று உன் வீட்டுக்காரர் பிறகு சொன்னார். கொசு கடித்து வந்த காய்ச்சல். இரத்தத்தில் தட்டணுக்கள் இறங்கிக்கொண்டே போயின.

நான் ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்தபோது உனக்கு நினைவு வந்து வந்து போய்க்கொண்டிருந்தது. என்னை அடையாளம் கண்டுகொண்டு, “இப்ப யார்டி கூப்புடறா?” என்றாய்.

“நாந்தான்” என்றேன்.

“எல்லார் பேரையும் கூப்புடு. அவசரப்படாத.”

அதுதான் நீ என்னிடம் கடைசியாகச் சொன்னது. நான் ஏதாவது ஆறுதலாகச் சொல்லியிருக்கலாம்.

நீ போய் ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. உருளை தயாரிக்கும் கம்பெனியிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். அவசரமான சோதனை. டேனியல் அறையைச் சுற்றிப் பார்த்து, கம்பிகளைக் கழற்றி வெளியே கொண்டுவந்துவிட்டான். அதற்குப் பிறகு, வந்திருந்தவர்கள் உருளையை மாற்றச் சொன்னதால், அறையின் பின்பக்க ஷட்டர் கதவை ஒரு தரம் திறந்து மூடினார்கள். நான் சாவியைப் போட்டு மைக்கை எடுத்தேன். டேனியலைக் கூப்பிட்டேன். “வெளியே.” என் பெயரை நானே சொல்லி, “வெளிய நிக்கேன்” என்றேன். அடுத்ததாக, நாக்குப் பழக்கத்தில், உன் பெயரைக் கூப்பிட்டுவிட்டேன்.

ஒலிபெருக்கியில் உன் பெயர் போய் நடைபாதையின் கோடியில் மோதியது. பிறகு ஒன்றுமில்லை. கேன்டீனில் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. டேனியல் தலையைக் குனிந்துகொண்டான். வந்திருந்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

என் விரல் சார்ஜ் பட்டன் மேல் இருந்தது. அழுத்த வரவில்லை. பதில் வரவில்லையென்றால் அழுத்தக் கூடாது. அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. நீ செத்துப்போனது தெரியும். உன் தலைமாட்டில் உட்கார்ந்து அழுதவள் நான். ஆனாலும் விரல் கேட்கவில்லை.

மேனேஜர் பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில், “அவங்கதான் இல்லையேம்மா. போடுங்க” என்றார்.

“சார், ஒரு தடவ பாத்துட்டு வந்துருதேன்.”

“யாரப் பாக்கப் போறீங்க?”

சாவியைக் கழற்றினேன். சுவரில் சாத்தியிருந்த கம்பியை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தேன். அந்த அறைக்குள் நான் ஆயிரம் தடவை போயிருக்கிறேன். அன்றைக்குப் போல் ஒருநாளும் பயந்ததில்லை. சார்ஜ் ஏற்றவே இல்லை. ஆனாலும் அடுக்குக்குள் ஏதோ ஊறிக்கொண்டிருப்பதாகத் தோன்றியது. அதைவிட, அடுக்குக்குப் பின்னால் நீ நின்றுகொண்டிருப்பாயோ என்று பயமாக இருந்தது. சொல்வதற்கு என்ன வெட்கம், உன்னை நினைத்துத்தான் பயந்தேன். ஒரே டிபன் பாக்ஸில் தின்றவளை நினைத்து முதுகு சில்லிட்டது.

ஒவ்வொரு தட்டாகக் கம்பியால் தொட்டுவிட்டு, பின்பக்கம் எட்டிப் பார்த்தேன். தரையில் ஒரு கால் தெரிந்தது.

நான் போட்ட கூச்சலில் டேனியல் உள்ளே ஓடிவந்தான். அந்தக் கால் அசைந்தது. ஏசி குழாய்க்கு அடியில் மல்லாந்து படுத்திருந்த ஒரு மனிதர் நெளிந்து வெளியே வந்தார். தலை நரைத்த ஏசி மெக்கானிக். ஷட்டர் திறந்திருந்த நேரத்தில், தண்ணீர் சொட்டுகிறது என்று பார்க்க வந்திருக்கிறார். இரண்டு காதிலும் ஆரஞ்சு நிறப் பஞ்சு அடைத்திருந்தார். சத்தமான இடம் என்று நம் கேட்டிலேயே எல்லாருக்கும் பாதுகாப்புக்காகக் கொடுக்கிறோமே, அதுதான். சைரனே ஊதியிருந்தாலும் அவருக்குக் கேட்டிருக்காது. உள்ளே சிவப்பு பட்டன் ஒன்று இருப்பதும் அவருக்குத் தெரியாது. கையில் நீளமான ஸ்பானர். அவர் எழுந்து நின்றபோது அது மேல் தட்டுக்கு ஒரு முழ தூரத்தில் ஆடியது.

ஒரு காதுப் பஞ்சை எடுத்துவிட்டு, “இன்னாமா, முடிஞ்சிச்சா?” என்று கேட்டார்.

நீ அழுத அதே இடத்தில் உட்கார்ந்தேன். வெளியே மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். வந்தவர்களிடம் இன்று சோதனை இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஷட்டருக்குப் பூட்டு, உள்ளே சுழல்விளக்கு எல்லாம் பிறகு வந்தன. ஆனால் அன்று சாயங்காலம் பஸ்ஸுக்குப் போகும்போது அவர் என்னைக் கூப்பிட்டு, “அந்தப் பேர எடுக்க வேணாம். கடைசியா கூப்பிடுங்க” என்றார்.

அதனால் இன்றுவரை உன்னைக் கூப்பிடுகிறோம். எல்லாரும் பதில் சொன்ன பிறகு, கடைசியாக. பதில் வராது. வராததால் ஒருவர் சாவியை எடுத்துக்கொண்டு உள்ளே போய் மூலை முடுக்கெல்லாம் பார்த்துவிட்டு வர வேண்டும். அதற்குப் பிறகுதான் சார்ஜ். ஒருமுறை தணிக்கைக்கு வந்த அதிகாரி, “யார் இவங்க, ஏன் பதில் சொல்லல?” என்று கேட்டார். மேனேஜர், “எங்க டீம்தான் சார்” என்று மட்டும் சொன்னார்.

உன் பெயரை ஏன் எழுதவில்லை என்று இப்போது தெரிந்திருக்கும். அது கூப்பிட வேண்டிய பெயர். கூப்பிட்டால் ஓர் ஆள் எழுந்து போய்ப் பார்க்க வேண்டும். காகிதத்தில் எழுதினால் யார் போய்ப் பார்ப்பார்கள்?

உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது, ஒவ்வொரு முறையும் நான் பயந்துகொண்டுதான் கூப்பிடுகிறேன். அந்தப் பழைய ஒலிபெருக்கி சில நாள் கரகரக்கும். ஒருநாள் அந்தக் கரகரப்புக்குள்ளிருந்து, “வெளில கீறேன்!” என்று வந்துவிட்டால்? நான் என்ன செய்வேன்? கதவைத் திறந்துகொண்டு ஓடுவேனா, இல்லை பழக்கத்தில் சரி என்று பட்டனை அழுத்திவிடுவேனா? இரண்டாவதுதான் எனக்குப் பெரிய பயம். இப்போதெல்லாம் பஸ்ஸில் உன் சீட்டில் உட்கார்கிறேன். லாரி வந்தால் காலை அழுத்துகிறேன். மகனுக்கு லேசாக உடம்பு சுட்டாலும் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு ஓடுகிறேன். “அம்மா, உனக்கு என்னதான் ஆச்சு?” என்கிறான்.

போன வாரம் உன் வீட்டுக்காரர் வந்தார். உன் லாக்கரைக் காலிசெய்து எடுத்துப்போகும்படி நாங்கள் எத்தனையோ தடவை ஆள் அனுப்பியும் வராதவர், அன்று பகல் ஷிப்டுக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். உன் செருப்பு, பவுடர் டப்பா, ஒரு ரப்பர் பல்லி. “இது இன்னாமா, பல்லின்னா அலறுவாளே” என்று கேட்டார். உன்னைப் பயமுறுத்த நான் டிபன் பாக்ஸில் போட்டது என்று சொன்னேன். அதைத் தூக்கிப்போடாமல் நீ ஏன் வைத்திருந்தாய் என்று எனக்கும் தெரியாது. அவர் அதை மட்டும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

நடைபாதை பெஞ்சில் அவரை உட்காரச் சொல்லிவிட்டு நான் சோதனைக்குப் போனேன். அவர் இருப்பதை மறந்தே போனேன். மைக்கை எடுத்து வழக்கம்போல் எல்லாரையும் கூப்பிட்டு, கடைசியாக உன்னைக் கூப்பிட்டேன். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். பெஞ்சிலிருந்து அவர் எழுந்து நின்றுகொண்டிருந்தார். ஒலிபெருக்கியை அண்ணாந்து பார்த்தபடி, பதிலுக்குக் காத்திருந்தார்.

கதவைத் திறந்து, “அண்ணே, அது வந்து...” என்று இழுத்தேன். எப்படிச் சொல்வது? உங்கள் மனைவி பெயரைச் சொல்லித் தினமும் அறையைத் தேடுகிறோம் என்றா? அவர் ஒலிபெருக்கியிலிருந்து பார்வையை எடுக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொள்ளவும் இல்லை.

“இன்னொரு தபா கூப்புடுமா” என்றார்.

ஒரு சோதனைக்கு ஒரு பெயரை ஒருமுறைதான் கூப்பிட வேண்டும். அது நீ போட்ட விதி. நான் மைக்கை எடுத்துக் கூப்பிட்டேன். கேன்டீன் அம்மாகூட வாசலுக்கு வந்து நின்றார். ஒலிபெருக்கி லேசாகக் கரகரத்தது. இத்தனை நாளும் பதில் வந்துவிடுமோ என்று பயந்தவள், அந்த ஒருமுறை மட்டும், வராமல் போய்விடுமோ என்று பயந்தேன்.

வரவில்லை. சாவியைக் கழற்றிப் பையில் போட்டேன். கம்பியை எடுத்துக்கொண்டு உன்னைத் தேடி உள்ளே போனேன்.